யார் வீட்டுத் தோட்டம்?

பெங்களூருக்கு மாற்றலாகி வரும்போது ஊரில் எல்லாரும் சொல்லி அனுப்பிய ஒரே விஷயம், "அது கார்டன் சிட்டிப்பா, உனக்கென்ன!" என்பதுதான். நான் குடியிருக்கிற ஜீவனஹள்ளியில் இருபதுக்கு முப்பது சைட்டில் மூன்று மாடி எழுப்பி, மாடிக்கு ஒரு குடித்தனம் வைத்திருப்பார்கள். துளசிச் செடி வைக்கக்கூட மொட்டை மாடிதான் கதி. அதற்கும் ஓனரம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வைக்கணும். காக்ஸ் டவுன் பக்கம் நடந்தால் பழைய பங்களாக்களின் மதில் மேல் காகிதப்பூ எட்டிப் பார்க்கும். அது அவர்கள் வீட்டுத் தோட்டம். என்னைப் போல வாடகைக்கு இருக்கிற வெளியூர்க்காரனுக்கு வாய்த்ததெல்லாம் பொதுத் தோட்டம்தான். லால்பாக், கப்பன் பார்க், இல்லையென்றால் பக்கத்திலேயே ரிச்சர்ட்ஸ் பார்க்.

என் பிழைப்பு ஒப்பந்தக் காகிதம் படிக்கிறது. அரசு நிலம், தனியார் முதலீடு, முப்பது வருஷக் குத்தகை, வருமானத்தில் பங்கு, இந்த மாதிரிக் கோப்புகள். 'பொது தனியார் கூட்டு' என்று இப்போது புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்கள். தோட்டக்கலையில் மட்டும் பார்த்தாலே இந்த ஏற்பாட்டுக்கு 200 வயசு ஆகிவிட்டது. லால்பாக் அதில் ஆறு வருஷம் இருந்து மீண்டிருக்கிறது. ஊட்டி தாவரவியல் பூங்கா அதில்தான் பிறந்தது. சென்னை கதீட்ரல் ரோட்டில் அதே ஏற்பாடு கோர்ட் வரைக்கும் போய் 2023இல்தான் முடிவுக்கு வந்தது. இந்த மூன்று தோட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காப்பி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

சங்கம் வைத்துத் தோட்டம் போட்ட காலம்

1820இல் கல்கத்தாவில் வில்லியம் கேரி என்ற பாதிரியார் ஒரு வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கினார். பைபிளை வங்காளத்தில் மொழிபெயர்த்தாரே, அதே கேரிதான். 1830இல் பம்பாயில் ஒன்று. 1835இல் சென்னையில் ஒன்று, தொடங்கியவர் ராபர்ட் வைட். கம்பெனியின் மருத்துவர், தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்து படம் படமாகப் புத்தகம் போட்டவர். அடுத்த வருஷமே, 1836இல், பெங்களூரில் ஒன்று. பதினாறு வருஷத்தில் நாலு ஊரில் நாலு சங்கம்.

இந்தச் சங்கங்களின் அமைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள். ஒரு கமிட்டி, ஒரு செயலாளர். நிலம் அரசாங்கம் தரும். வெளிநாட்டு விதை வரவழைப்பது, நாற்றங்கால் போடுவது, உறுப்பினருக்குக் கன்று கொடுப்பது, வருஷத்துக்கு ஒருமுறை கண்காட்சி வைத்துப் பரிசு கொடுப்பது, இவை வேலை. கம்பெனி அரசாங்கத்துக்கும் இதில் லாபம் இருந்தது. பருத்தி, காப்பி, கரும்பு என்று எது எந்த மண்ணில் வரும் என்று யாராவது சோதித்துப் பார்க்கணும். அதற்குத் தனி இலாகா வைத்தால் சம்பளம் கொடுக்கணும். சங்கம் என்றால் ஆர்வலர்களே கைக்காசு போட்டுச் செய்துவிடுவார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சங்கத்தில் உறுப்பினர்கள் யார்? கலெக்டர், ராணுவ அதிகாரி, கம்பெனி டாக்டர், நீதிபதி. நிலம் கேட்டு மனுப் போடுகிறவரும் அவர்கள் வட்டம்தான், மனுவுக்கு ஒப்புதல் கொடுக்கிறவரும் அதே வட்டம்தான். இன்றைக்கு ஒரு கோப்பில் இப்படி இருந்தால் 'நலன் முரண்' என்று தணிக்கைக்காரர் சிவப்பு மை போடுவார். அன்றைக்கு ராத்திரி விருந்தில் பேசி முடித்துவிடுவார்கள்.

லால்பாக்: ஆறு வருஷக் கூட்டு

லால்பாக் 1760 வாக்கில் ஹைதர் அலி போட்ட தோட்டம். திப்பு அதை விரிவாக்கி வெளிநாடுகளிலிருந்தெல்லாம் செடி கொண்டுவந்தார். மண்ணைக் கொத்தியதும் நாற்று நட்டதும் திகளர் சமூகத்தார். தமிழ் வேர் கொண்ட சமூகம் இது. தர்மராயர் கோயில் கரகத் திருவிழாவை இன்றைக்கும் அவர்கள்தான் நடத்துகிறார்கள். நாம் ஏதோ சாப்ட்வேர் காலத்தில்தான் இந்த ஊருக்கு வந்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும் :-)

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. தோட்டம் கம்பெனி ஆட்கள் கைக்குப் போனது. கில்பர்ட் வா என்ற ராணுவ அதிகாரியின் பொறுப்பில் சில காலம் இருந்து, 1819இல் கம்பெனி அரசாங்கத்துக்கு ஒப்படைக்கப்பட்டது. மேற்பார்வை கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு. அந்தக் காலத்தில் பெங்களூரிலிருந்து கல்கத்தாவுக்குக் கடிதம் போய்ப் பதில் வர எத்தனை வாரம் ஆகியிருக்கும்! தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சக் கல்கத்தாவிடம் கேட்டால் செடி என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1831இல் மைசூர் அரசின் நிர்வாகத்தை ஆங்கிலேயர் நேரடியாக எடுத்துக்கொண்டார்கள். 1834 முதல் 1861 வரை கமிஷனராக இருந்தவர் மார்க் கப்பன், அதாவது கப்பன் பார்க்குக்குப் பெயர் தந்தவர். 1836இல் வில்லியம் மன்ரோ என்ற இளம் ராணுவ அதிகாரி முன்னின்று பெங்களூர் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கினார். இவர் பின்னாளில் புல் வகைகளை ஆராய்ந்து பெயர் வாங்கிய தாவரவியலர். சங்கத்துக்கு இடம் கேட்டார்கள். கப்பன் லால்பாக்கையே கொடுத்துவிட்டார். டெண்டர் இல்லை, ஆட்சேபம் கேட்பு இல்லை. ஒரே மனிதரின் முடிவு.

சங்கம் ஆறு வருஷம்தான் ஓடியது. 1842இல் கலைந்துவிட்டது. தோட்டம் மறுபடி அரசாங்கத்திடம் வந்து சேர்ந்தது.

இப்படிப்பட்ட சங்கங்களின் பலவீனம் அவற்றின் அமைப்பிலேயே இருந்தது. உறுப்பினர்கள் எல்லாரும் மாற்றல் வேலைக்காரர்கள். ரெஜிமென்ட் கிளம்பினால் ஆளும் கிளம்பிவிடுவார், அவர் சந்தாவும் கிளம்பிவிடும். மாமரம் காய்க்க ஆறேழு வருஷம். அதை நட்டவர் மூன்றாம் வருஷம் வேறு ஊரில் இருப்பார். நம் அப்பார்ட்மென்ட் சங்கங்களில் இதே கதையைப் பார்க்கலாம். ஆர்வமாகத் தோட்டம் போட்டவருக்கு அமெரிக்கா வாய்ப்பு வந்ததும் செடிகள் காய்ந்துபோகும்.

அதற்கப்புறம் 1856இல்தான் லால்பாக்குக்கு விடிவு. அரசாங்கத் தாவரவியல் தோட்டம் என்று அறிவித்தார்கள். இதற்கு ஆலோசனை சொன்னவர் ஹியூ கிளெக்ஹார்ன், சென்னை மாகாணத்தின் வனத்துறையை உருவாக்கியவர். சென்னைச் சங்கத்தின் கௌரவச் செயலாளராகவும் இருந்த மனிதர். சங்கத்தின் உள் விவகாரம் அத்தனையும் தெரிந்தவர். அவர் சொன்ன யோசனை, லால்பாக்கை வியாபாரம் செய்யும் தோட்டமாக ஆக்கவேண்டாம் என்பது. உள்நாட்டுச் செடிகளை மேம்படுத்தட்டும், ஆராயட்டும், பரிமாறிக்கொள்ளட்டும், கூடவே ஒரு தோட்டக்கலைச் சங்கமும் அமையட்டும் என்றார். சங்கம் வேண்டும், ஆனால் தோட்டம் அரசாங்கத்திடமே இருக்கட்டும் என்று நான் இதைப் படித்துக்கொள்கிறேன்.

1858இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் நியூ வந்தார். 1874இல் ஜான் கேமரன். சம்பளத்துக்கு வேலை பார்க்கிற, தோட்டத்திலேயே கிடக்கிற ஆட்கள். அதற்கப்புறம்தான் லால்பாக் நாம் பார்க்கிற லால்பாக்காக வளர ஆரம்பித்தது. கண்ணாடி மாளிகைக்கு 1889 நவம்பர் 30இல் இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். கட்டியதன் நோக்கமே தோட்டக்கலைக் கண்காட்சி நடத்துவது. நாற்பது ஏக்கரில் தொடங்கிய தோட்டம் இன்றைக்கு 240 ஏக்கர்.

சங்கம் என்னாயிற்று? 1908இல் பெங்களூருக்கு வந்தவர் கிரம்பீகல், ஜெர்மன்காரர், கியூவில் பயிற்சி பெற்றவர். அவர் முயற்சியில் 1912இல் மைசூர் தோட்டக்கலைச் சங்கம் பிறந்தது. குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கிறதே, டிக்கெட் வாங்கி வெயிலில் வரிசையில் நின்று பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் காட்டுகிறோமே, அதைத் தோட்டக்கலைத் துறையோடு சேர்ந்து நடத்துவது இந்தச் சங்கம்தான். 1836இன் சங்கம் ஆறு வருஷத்தில் முடிந்தது. 1912இன் சங்கம் நூறு வருஷத்தைத் தாண்டிவிட்டது. முதல் சங்கத்திடம் தோட்டத்தையே கொடுத்தார்கள். இரண்டாவது சங்கத்திடம் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஊட்டி: மாதம் மூன்று ரூபாய்

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போகாத தமிழ்க் குடும்பம் இருக்காது. அந்த இடத்தின் தொடக்கம் ரோஜாவும் இல்லை, புல்வெளியும் இல்லை. காய்கறி! 1845இல் அங்கே குடியிருந்த ஐரோப்பியர்கள் மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் வைத்தார்கள். கேரட்டும் முட்டைக்கோசும் நியாய விலையில் கிடைக்கவேண்டும், அதுதான் குறிக்கோள். அது சரிப்பட்டு வரவில்லை.

பிறகு தோட்டக்கலைச் சங்கம், பொதுமக்களிடம் நிதி திரட்டுதல், டுவீடேல் பிரபு கவர்னராக இருந்த காலத்தில் அரசாங்க ஆதரவு என்று விஷயம் நகர்ந்தது. 1848இல் கியூவிலிருந்து மக்ஐவர் வந்தார். மேல் பக்கம் காடு, கீழே சதுப்பு நிலம். அதைச் சரித்து, வடித்து, பாதை போட்டுத் தோட்டமாக்கப் பத்து வருஷம் போல ஆயிற்று. சந்தா கட்டினவருக்குக் காய்கறி வேண்டும், தோட்டக்காரருக்குத் தாவரவியல் பூங்கா வேண்டும். இரண்டுக்கும் ஒரே நிலம், ஒரே பட்ஜெட். கடைசியில் அது அரசாங்கத் தாவரவியல் பூங்காவாகத்தான் நிலைத்தது. 1860இல் நீலகிரியில் சிங்கோனாத் தோட்டம் போட்டு, மலேரியாவுக்குக் கொய்னா தயாரிக்க வழி செய்தபோது அதற்குப் பொறுப்பும் இதே மக்ஐவரிடம்தான் வந்தது. மாதம் மூன்று ரூபாய்ச் சந்தாவில் அந்த வேலை நடந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

பம்பாய்க் கதையும் இதே முடிவுதான். பைகுல்லா ராணி பாக், அந்தக் காலத்து விக்டோரியா கார்டன்ஸ், சங்கத்தின் பராமரிப்பில் இருந்தது. 1873இல் சங்கம் முடிந்துபோக, தோட்டம் நகராட்சிக்குப் போனது.

கதீட்ரல் ரோடு: முடிவெழுதாத பத்திரம்

மற்ற ஊர்களில் சங்கம் செத்து நிலம் பிழைத்தது. சென்னையில் மட்டும் சங்கம் சாகவில்லை. 1835இல் பிறந்த சங்கம் இருபத்தோராம் நூற்றாண்டு வரைக்கும் கதீட்ரல் ரோட்டில் இருந்தது. அங்கே போய் ரோஜாக் கன்றும் குரோட்டன்ஸும் வாங்கி வந்த சென்னைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

1835இல் அந்த இடம் ஊரின் ஓரம். நூற்றைம்பது வருஷத்தில் அது ஊரின் நடு நெஞ்சு. ஒரு கிரவுண்டு என்ன விலை என்று சொன்னால் மயக்கம் வரும். நிலத்தின் விலை ஏறும்போதுதான் 'இது யாருடையது' என்ற கேள்வியும் தலை தூக்கும்.

1962இல் சங்கத்தின் வசம் இருந்த நிலத்தின் ஒரு பகுதியில் உட்லண்ட்ஸ் டிரைவ் இன் ஓட்டல் வந்தது. காரில் உட்கார்ந்தபடியே மசால் தோசை சாப்பிட்ட தலைமுறைக்கு அது சொர்க்கம். மரத்தடியில் மணிக்கணக்காகப் பேசிக் கதையும் சினிமாவும் உருவாக்கினவர்கள் உண்டு. எனக்கும் அந்த இடத்தின் மேல் பாசம் உண்டு. ஆனால் ஒப்பந்தம் படிக்கிற கண்ணோடு பார்த்தால் கேள்வி வருகிறது. தோட்டக்கலைக்காக ஒரு சங்கம் வைத்திருக்கிற நிலத்தில் ஓட்டல் நடத்த அனுமதிப்பது யார்? அந்த வாடகை யாருக்குச் சேரணும்?

1989இல் தி.மு.க. அரசு நிலத்தைத் திரும்ப எடுக்க உத்தரவு போட்டது. வழக்கு தொடங்கியது. நிலம் அரசாங்கத்துடையதா, சங்கத்துடையதா என்பதுதான் சண்டையின் மையம். ஆட்சி மாறும், அரசின் வேகமும் மாறும், வழக்கு மட்டும் நடந்துகொண்டே இருக்கும். 2008இல் டிரைவ் இன் மூடப்பட்டது. அந்த இடத்தில், சுமார் 20 ஏக்கரில், செம்மொழிப் பூங்கா 2010 நவம்பர் 24இல் திறக்கப்பட்டது. இப்போது அது தோட்டக்கலைத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்து நிலம் மிச்சம் இருந்தது. அதன் வழக்கும் உயர்நீதிமன்றத்தில் அரசுக்குச் சாதகமாக முடிய, 2023 ஜூனில் அரசு அதைக் கையகப்படுத்தியது. மதிப்பு 1000 கோடி ரூபாய்க்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. அங்கே 6.09 ஏக்கரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா 2024 அக்டோபர் 7இல் திறக்கப்பட்டது. தொங்கு கம்பியில் பறக்கும் ஜிப்லைன், கண்ணாடி மாளிகை, பறவைக் கூடம் எல்லாம் உண்டு. திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 100 ரூபாய்.

இரண்டு கட்சிக்கும் நியாயம் சொல்லலாம். 188 வருஷம் ஒரு சங்கம் ஓர் இடத்தில் செடி வளர்த்து விற்றுச் சொல்லிக்கொடுத்திருக்கிறது, அதற்கு மதிப்பில்லையா என்று கேட்கலாம். பொது நிலம் ஒரு சிலர் நிர்வாகத்தில் தலைமுறை தலைமுறையாக இருப்பது சரியா என்றும் கேட்கலாம். என் கவலை வேறு. முப்பது வருஷத்துக்கு மேல் நடந்த சண்டையில் தோட்டக்கலை எங்கே போனது? இந்தச் சங்கம் பிறந்தது சோதனை செய்ய, விதை பரப்ப. கடைசியில் எல்லாரும் பேசியது கிரவுண்டு கணக்கைத்தான்.

லால்பாக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? லால்பாக்கில் 1842இல் திரும்ப வாங்கியபோது நிலத்துக்கு விலை இல்லை, கட்டடம் இல்லை, உள்குத்தகைக்காரர் இல்லை, சொந்தம் கொண்டாட ஆளில்லை. எளிதாக முடிந்தது. கூட்டு தொடங்கி ஆறாம் வருஷம் முடித்துக்கொள்வது சுலபம். நூற்றைம்பதாவது வருஷம் முடிப்பது கஷ்டம். அதனால்தான் முடிவை ஆரம்பத்திலேயே எழுதணும் என்று சொல்கிறேன்.

அரசாங்கத்திடம் இருந்தால் மட்டும் போதுமா?

அப்போ எல்லாவற்றையும் அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? அதுவும் இல்லை.

கர்நாடகத்தில் அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் 1975இல் வந்தது. லால்பாக்கும் கப்பன் பார்க்கும் அதன் பாதுகாப்பில். மரம் வெட்ட 1976ஆம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும். அரசாங்கக் கொள்முதல் வெளிப்படையாக நடக்க 1999இல் தனிச் சட்டம். தமிழ்நாட்டில் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. கப்பன் ஒரே கையெழுத்தில் லால்பாக்கைக் கொடுத்தாரே, இன்றைக்கு அப்படி முடியாது.

முடியாதுதான். ஆனால் சட்டத்தைத் திருத்தினால் முடியும். மெட்ரோ ரயிலுக்காக லால்பாக்கின் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் வேண்டியிருந்தபோது அரசு அந்தப் பூங்காச் சட்டத்தையே திருத்தி நிலத்தை வெளியே எடுத்தது. 2009இல் சுற்றுச்சுவரை இடித்து மரம் வெட்டியபோது ஊர்மக்கள் போய் மறித்தார்கள். 2025இல் சுரங்கச் சாலைத் திட்டம் லால்பாக்கைத் தொடும் என்றதும் மறுபடி எதிர்ப்பு கிளம்பியது. மெட்ரோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தினமும் அதில்தான் ஆபீஸ் போகிறேன். சட்டம் இருந்ததால் அரசாங்கம் குறைந்தபட்சம் ஊர் பார்க்க அதைத் திருத்தவேண்டி வந்தது. அந்தத் தாமதம்தான் ஜனங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. ஒப்புதல் நடைமுறை என்பதை நாம் இழுத்தடிப்பு என்று திட்டுகிறோம். பாதி நேரம் அது இழுத்தடிப்புதான். மீதிப் பாதி, கேள்வி கேட்க நமக்குக் கிடைக்கிற அவகாசம்.

தோட்டத்திலிருந்து சந்தைக்கு

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தக் கூட்டு வேறு உருவம் எடுத்தது. 1959இல் பெங்களூர் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கியதுதான் ஹாப்காம்ஸ். தெருமுனையில் பச்சைக் கடையில் பழம் வாங்குகிறோமே, அதுதான். அதன் பின்னால் இருந்தவர் மரிகௌடா, லால்பாக்கிலிருந்து தோட்டக்கலையை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனவர். 1963இல் கர்நாடகத்தில் தோட்டக்கலைக்கென்று தனித் துறை வந்ததும் அவர் காலத்தில்தான். ஹாப்காம்ஸில் அரசாங்கம் தோள் கொடுத்தது, சங்கம் விவசாயிகளுடையது.

2000களின் தொடக்கத்தில் தேசிய பால்வள வாரியம் பெங்களூருக்கு வெளியே கண்ணமங்கலாவில் சஃபல் என்ற நவீன ஏலச் சந்தை கட்டியது. அதற்காக விளைபொருள் சந்தைச் சட்டத்தைக் கர்நாடக அரசு திருத்தியது. கட்டடம் பிரமாதம், ஒப்புதலும் பக்கா. ஆனாலும் எதிர்பார்த்த அளவுக்குச் சரக்கு வரவில்லை. மண்டிக்காரர் விதைப்புக்கே அட்வான்ஸ் கொடுப்பார், பெண் கல்யாணத்துக்கும் கொடுப்பார். அந்தக் கட்டை அவிழ்க்காமல் புதுக் கட்டடம் மட்டும் கட்டினால் விவசாயி எப்படி வருவார்? கோப்பில் எல்லாக் கையெழுத்தும் இருந்தாலும் விவசாயியின் சம்மதம் தனி.

2021இல் மத்திய அரசு தோட்டக்கலைத் தொகுப்பு மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. தேசிய தோட்டக்கலை வாரியம் நடத்துகிறது. தொடங்கியபோது நாட்டில் 53 தொகுப்புகள், முதல் கட்டமாக 12. அந்தப் பன்னிரண்டில் தேனி வாழையும் உண்டு, இங்கே கர்நாடகத்தில் சித்ரதுர்கா மாதுளையும் உண்டு. தேனி என்றதும் எனக்குக் காது நீண்டுவிடும், அது எங்க ஊர்ப் பக்கம்.

போன வருஷம் சின்னமனூரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். அவருக்கு மூன்று ஏக்கரில் ஜி9 திசு வாழை.

"தம்பி, ஒரு கம்பெனிக்காரங்க வந்திருந்தாங்கப்பா. நாங்க பத்துப் பதினஞ்சு பேரு சேந்து இடம் குடுத்தா, அரசாங்க மானியத்துல வாழைத்தார் சீப்பறுத்துக் கழுவி பெட்டி போடுற ஷெட்டு கட்டுவாங்களாம். அவங்களே நடத்துவாங்களாம். பத்திரம் இங்கிலீசுல இருக்கு. கையெழுத்துப் போடலாமா வேணாமா?"

அனுப்பச் சொன்னேன். வாட்ஸப்பில் நாற்பது பக்கம் வந்தது. படிக்கப் படிக்க 1836 கண்ணில் ஆடியது. நிலம் ஒருத்தருடையது, காசு அரசாங்கத்துடையது, நிர்வாகம் இன்னொருத்தருடையது. குத்தகைக் காலம் இருந்தது, ஆண்டு வாடகை இருந்தது. காலம் முடிந்தால் ஷெட்டும் குளிர் அறையும் யாருக்கு என்ற வரி மட்டும் எங்கேயும் இல்லை.

சித்தப்பாவுக்கு நாலு கேள்வி தமிழில் எழுதி அனுப்பினேன்.

ஒன்று, நிலம் கடைசி வரைக்கும் யார் பேரில் இருக்கும், அதை அடமானம் வைக்கவோ உள்குத்தகை விடவோ கம்பெனிக்கு உரிமை உண்டா?

இரண்டு, நிர்வாகக் கமிட்டியில் விவசாயிகள் எத்தனை பேர், கணக்குப் புத்தகத்தை யார் பார்க்கலாம்?

மூன்று, சொன்ன வேலையை விட்டு வேறு வேலைக்கு அந்த இடத்தைப் பயன்படுத்தினால் என்ன நடவடிக்கை?

நான்கு, குத்தகை முடிந்தாலோ கம்பெனி கிளம்பிவிட்டாலோ கட்டடமும் மெஷினும் யாருக்கு, எத்தனை நாளில் ஒப்படைக்கணும்?

"இதையெல்லாம் கேட்டா கோவிச்சுக்கிட்டுப் போயிருவாங்களேப்பா" என்றார் சித்தப்பா. "கேள்விக்கே கோவிச்சுக்கிட்டா, சண்டை வந்தா என்ன பண்ணுவாங்க சித்தப்பா?" என்றேன். சிரித்தார்.

கேட்டார்கள். கம்பெனிக்காரர்கள் காகிதத்தைத் திரும்ப வாங்கிப் போய் இரண்டு மாதம் கழித்துத் திருத்திக் கொண்டுவந்தார்கள். முதல் கேள்விக்கும் நாலாவது கேள்விக்கும் தெளிவாகப் பதில் இருந்தது. கமிட்டியில் இடம், கணக்குப் பார்க்கும் உரிமை, இதற்கெல்லாம் இன்னும் பேச்சுவார்த்தை ஓடுகிறது. கையெழுத்து ஆகவில்லை. சித்தப்பாவுக்கு அவசரமும் இல்லை. திட்டம் வந்தால் நல்லது என்றுதான் அவரும் நினைக்கிறார், நானும் நினைக்கிறேன். கழுவிப் பெட்டி போட்ட வாழைக்குக் கிடைக்கிற விலையே தனி.

இந்த நாலு கேள்வியில் நான் கண்டுபிடித்தது ஒன்றுமே இல்லை. முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் கதீட்ரல் ரோடு சொல்லித் தந்தது. இரண்டாவது, சங்க உறுப்பினரே அரசாங்கமாகவும் இருந்த காலம் சொல்லித் தந்தது. மூன்றாவது, தோட்டத்துக்குள் வந்த தோசைக்கடை சொல்லித் தந்தது.

வெளியூரில் இருக்கிற நமக்கு இது தூரத்து விஷயம் போலத் தெரியும். ஊரில் அப்பா பேரிலோ மாமா பேரிலோ கொஞ்சம் நிலம் இருக்கும். சோலார், குளிர்பதனக் கிடங்கு, ஏற்றுமதித் தோட்டம் என்று யாராவது ஒருவர் பத்திரத்தோடு வருவார். ஊரில் இருக்கிறவர்கள் நம்மைத்தான் கூப்பிடுவார்கள், "இங்கிலீசு படிச்ச பிள்ளை, என்ன போட்டிருக்குன்னு சொல்லு" என்று. அன்றைக்கு 'நல்ல கம்பெனிதான், போடுங்க' என்றோ, 'வேணாம், ஏமாத்துவாங்க' என்றோ ஒரு வரியில் சொல்லிவிட்டு மீட்டிங்குக்கு ஓடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி நாற்பது பக்கத்தையும் படியுங்கள். முக்கியமாகக் கடைசிப் பக்கங்களை.

உங்கள் ஊர்ப் பக்கமும் இந்த மாதிரி கூட்டு ஏற்பாடு ஏதாவது நடந்திருக்கும். நன்றாக ஓடியதா, பாதியில் நின்றதா, முடிந்தபோது யாருக்கு என்ன மிஞ்சியது என்று எழுதுங்கள். அடுத்த முறை சித்தப்பா போன் செய்யும்போது எனக்கும் உபயோகப்படும்.